டைனமோ

பாகம் பிரித்தபோது
வீடு தார்யைக்கு, படகு எனக்கு.
கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்தார் வழக்கறிஞர்.
வெளிர்நீல ட்ரையம்பை மட்டும்
எந்தப் பக்கமும் எழுத முடியவில்லை.
கோடை என்னிடம், பனிக்காலம் அவனிடம்.
கூரை மடங்கும் காருக்குப் பனிக்காலம் கேட்டு வாங்கியவன்
என்று அவன் அக்காவே சிரித்தாள்.

விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது யார்
என்பதிலும் எங்களுக்குள் வழக்கு உண்டு.

வாங்குகிறவள் ரியூகானில் இருந்தாள். யூருன்.
நீர்மின் நிலையத்தில் டர்பைன் பார்ப்பவள்.
செப்டம்பர் கடைசி. டுட்டால் தாண்டி
மலை ஏறும்போது மூடுபனி.
விளக்குப் போட்டோம், வைப்பர் போட்டோம்.
மீட்டர்களுக்கு நடுவே
மிளகளவு ஒரு சிவப்பு எரிந்தது.
"ரொம்ப நாளாக எரிகிறதா?"
"கோடை முழுக்க உன்னிடம்தானே இருந்தது."

டைனமோ கொடுப்பதை நிறுத்திவிட்டது,
பேட்டரி கைக்காசில் ஓட்டிக்கொண்டிருக்கிறது
என்று அந்தச் சிவப்புக்கு அர்த்தம்.
எங்கள் கடைசி மூன்று வருடமும்
வீட்டில் எங்கேயோ அப்படி ஒன்று எரிந்திருக்க வேண்டும்.
சோபாவுக்கு அடியில் ஒருவேளை.

கணவாய் உச்சியில் எஞ்சின் இருமி அடங்கியது.
பனிக்குள் ஓர் ஆடு மணியடித்துக்கொண்டு போனது.

நான் ஸ்டியரிங்கில். அவன் இறங்கித் தள்ளினான்.
பத்தடி, பதினைந்தடி.
சரிவைத் தொட்டதும் கார்
யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டது.
ஐம்பத்தாறு வயதில் ஓடிவந்து
கதவைப் பிடித்து உள்ளே விழுந்தான்.
ஒரு ஷூ சாலையிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் சத்தமே இல்லை.
ஈரத்தில் டயர் உரசுவது ஒரு சத்தமா?
ஏழு கிலோமீட்டர்
பள்ளம் கண்ட பக்கம் பாய்கிற தண்ணீராக இருந்தோம்.
வளைவு. மஞ்சள் பிர்ச். வளைவு.
பிரேக்கின் கருகல் வாசனை.
"சொல்வி, மிதித்தே வைக்காதே, விட்டுவிட்டுப் பிடி."
மிதித்தே வைத்தேன்.
பிறகு விட்டுவிட்டுப் பிடித்தேன்.

பனி கிழிந்த ஒரு திருப்பத்தில் கீழே ஊர்.
ரியூகான் என்றால் புகைவது.
அருவி புகைந்ததால் வந்த பெயர்.
அந்த அருவியைத்தான் நூறு வருடம் முன்பு
குழாய்க்குள் இறக்கி, மின்சாரம் கறந்து,
காற்றைச் சுட்டு உரமாக்கினார்கள்.
விழுவதற்குள் இத்தனை பலம் இருக்கிறதென்று
பள்ளியில் படித்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் முழங்காலில் தெரிந்தது.

சமதரையில், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு நேராக
தானே நின்றது.

வேனில் வந்த யூருன்
முதலில் காலைத்தான் பார்த்தாள்,
ஒரு ஷூ, ஒரு ஈரக் காலுறை.
தன் ரப்பர் பூட்ஸில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.
டைனமோவைக் கழற்றினாள்.
கார்பன் பிரஷ் தேய்ந்து நகமளவு.
நிலையத்துக் கிடங்கில் கழித்துப்போட்ட ஒன்று,
செங்கல் பருமன்,
இரவெல்லாம் அரத்தால் ராவி
தீப்பெட்டியில் பாதி ஆக்கினாள்.
"பெரிய ஜெனரேட்டரில் பதினாறு வருடம் உழைத்தது.
இங்கே பகுதிநேர வேலை செய்யட்டும்."

மறுநாள் மதியம் சதுக்கம்.
இனி மார்ச் வரை
இந்தப் பள்ளத்தாக்குக்கு வெயில் இறங்காது.
மலைமேல் நிற்கும் மூன்று கண்ணாடிகள்
எட்டிப் பிடித்து அனுப்பும் வெயில்
ஒரு திட்டாக விழுந்து கிடந்தது.
தள்ளுவண்டிக் குழந்தை, ரொட்டி தின்னும் தபால்காரர்,
எல்லோரும் அதன் விளிம்புக்குள் நெருங்கி நின்றார்கள்.
யூருன் காரை அதற்குள் கொண்டுவந்து
ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.
சிவப்பு அணைந்தது.

"யார் விற்கிறீர்கள்?"
நான் அவனைக் காட்டினேன். அவன் என்னை.
சிரித்துக்கொண்டே பணத்தை இரண்டாகப் பிரித்தாள்,
ஒற்றைப்படையாய் நின்ற ஒரு நோட்டை
தபால்காரர் முகத்துக்கு நேரே ஆட்டி
தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நூட்டொட்டன் போகும் பேருந்தில்
நடைவழிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன், ஒரு கால் பூட்ஸில்.
"பதினான்கு வளைவு," என்றான்.
"பதின்மூன்று."
"பனியில் ஒன்றை விட்டுவிட்டாய்."
"ஓட்டியது நான்."
ஏரி முடிகிற வரை எண்ணிக்கொண்டே வந்தோம்,
மேலேயிருந்து ஒருமுறை,
கீழேயிருந்து ஒருமுறை.