உண்ணிக் கணக்கு

வெல்லாவெளியில் பூபாலப்பிள்ளையின் பட்டிக்கு
ஊசி போடப் போயிருந்தேன். ஆவணி.
வில்லில் முழங்கால் அளவே தண்ணீர்.
எருமைகள் அறுபத்து மூன்று.
கொக்குகளை யாரும் எண்ணுவதில்லை,
படிவத்தில் அதற்குப் பெட்டியும் இல்லை.

எருமை ஓரடி வைத்தால்
கொக்கும் ஓரடி வைக்கும்.
குளம்பு குலைத்த புல்லுக்குள்ளிருந்து
வெட்டுக்கிளி எழும்பும்,
எழும்பிய உயரத்திலேயே முடியும்.
எருமை திரும்பியும் பார்ப்பதில்லை.
நடந்தது, அவ்வளவுதான் அது செய்த உதவி.

மைனாக்கள் வேறு ரகம்.
குறிசுட்ட எழுத்தை மிதித்து முதுகில் ஏறி
காதைத் திறந்து பார்க்கும், டொக்டர் மாதிரி.
வாலடியில், தொடை இடுக்கில்,
எனக்குக் கை போகாத இடமெல்லாம்
அதற்கு அலகு போகும்.
நெற்றி வெள்ளைக்காரி, சுட்டி என்று பெயர்,
தலையைச் சரித்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.
எனக்கு அப்படி ஒருநாளும் நின்றதில்லை.
ஊசியைக் கண்டால் அவளை மருதமரத்தோடு கட்டவேண்டும்:
நாலு ஆள், ஒரு வடக்கயிறு,
வாயில் வந்த தூஷணம் எல்லாம்.

காகத்தையும் சொல்லவேண்டும்,
சொல்லாவிட்டால் இது பள்ளிக்கூடப் பாடமாகிவிடும்.
முள்ளுக்கம்பி தோளைக் கிழித்த நாகு ஒன்று
மடுவோரம் நின்றது.
காகம் புழுவைத் தின்றது.
புழு முடிந்த பிறகும் தின்றது.
புண் ஆறினால் அதற்குக் கடை பூட்டு.
நாகு வாலை வீசியது, எட்டவில்லை,
பிறகு வீசுவதையும் விட்டது.
நான் வேப்பெண்ணெய் பூசினேன்.
கம்பிக்கட்டையில் இருந்து காகம் என்னைப் பார்த்தது,
எல்லைக்கல்லைத் தள்ளி நட்டவனைப்
பக்கத்து வளவுக்காரன் பார்ப்பது போல.

எட்டாம் நாள் திரும்பப் போனேன்.
பட்டி நிலமெல்லாம் உண்ணி,
காய்ந்த ஆமணக்கு முத்துப் போல.
படிவத்தில் 'திருப்தி' என்று எழுதும்போது
மைனா வந்தது.
சுட்டி காதைச் சரித்தாள்.
உள்ளே பார்த்தது.
மற்றக் காதுக்குப் போய்ப் பார்த்தது.
வாலடி, தொடை இடுக்கு,
குடியெழும்பிப் போன வீட்டில்
ஆள் தேடுவது போல.
நான் பேனையை மூடிவிட்டு
சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பால் பாலையடிவட்டைப் பக்கம்
வெட்டு மெஷின் சிறுபோகம் அறுத்தது.
கொக்குகளில் பாதி அங்கே,
மெஷினுக்கும் ஓரடிக்கு ஓரடி வைத்து.
"அதுக்கென்ன தம்பி," என்றார் பூபாலப்பிள்ளை
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு,
"நடக்கிறதெல்லாம் அதுக்கு மாடுதான்."

மற்றப் பாதி ஏன் இங்கே நின்றது,
தெரியாது.
சுட்டி ஏன் இன்னும் காதைச் சரித்தபடி நின்றாள்,
அதுவும் தெரியாது.
கடிக்க ஒன்றும் இல்லை, கொத்த ஒன்றும் இல்லை.
பிறகு அவள் வில்லுக்குள் இறங்கிப் படுத்தாள்,
முதுகு மட்டும் சின்னத் தீவாய் மிதக்க
மைனா அதைவிட்டு எழும்பாமல் இருந்தது.

இரவு கிணற்றடியில் குளிக்கையில்
முழங்கை மடிப்பில் ஒன்று அகப்பட்டது,
ஊசிக்குத் தப்பிய உண்ணி,
என் இரத்தத்தில் அரை வயிறு.
நகத்தில் வைத்து நசுக்கத்தான் எடுத்தேன்.
கிணற்றுக்கட்டில் ஒரு சிரட்டை கிடந்தது.
அதற்குள் போட்டுவிட்டு
சவுக்காரத்தைத் தேடினேன்.

விடியப் பார்த்தேன். இல்லை.
எறும்பாகவும் இருக்கலாம்.