இதுன்னா எது

கொளத்தூரில் விடிகாலை நாலு மணிக்குத்தான்
மைக்கை ஆன் செய்வேன்.
ஐந்தானால் தண்ணீர் லாரி.
ஐந்தரைக்கு மேல்வீட்டு மிக்சி.
ஃபேனையும் நிறுத்திவிட்டு
வியர்க்க வியர்க்கக் கணக்குப்பதிவியல் நடத்துவேன்,
திரையில் அம்புக்குறியை ஆட்டி ஆட்டி:
"இதை இங்கே எழுதுறோம்.
அது அந்தப் பக்கம் போகுது.
இப்போ ரெண்டும் சமமாச்சா? பாருங்க."

பாடத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்.
பதினொரு பாடம்.
ஒவ்வொன்றின் முகப்பிலும் நான்,
கையைக் கட்டிக்கொண்டு,
ஸ்டுடியோக்காரர் கேட்ட அளவுக்குச் சிரித்தபடி.

எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று
ஒரு வரைபடம் வரும்.
ஒன்பதாவது நிமிடத்தில் அது
மாடிப்படியில் கைநழுவிய குடம்.
யாருக்குங்க இப்போ பொறுமை இருக்கு
என்று துறைத்தலைவரிடம் சொன்னேன்,
பால் பூத்திலும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரலை.
நாற்பத்தேழு கறுப்புக் கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு முதலெழுத்து.
"புரியுதா?" என்பேன்.
"எஸ் மேம்" என்று ஒன்று விழும்,
அதைப் பார்த்து முப்பது விழும்.
அது கேள்வி இல்லை, கதவைச் சாத்தும் சத்தம்
என்று தெரிய எனக்கு இரண்டு பருவம் ஆனது.

ஒரு செவ்வாய், இரவு ஒன்று பத்துக்குச் செய்தி.
மெஹருன்னிசா, குரோம்பேட்டை.
கட்டத்தில் 'மெ' என்று மட்டும் இருப்பவள்.
"மேம், நாலாவது பாடத்துல
இது இதுன்னு பதினாறு தடவை சொல்றீங்க.
இதுன்னா எது?"

கோபம்தான் முதலில் வந்தது.
வீடியோவில் தெரிகிறதே, பார்க்கவில்லையா
என்று தட்டி அனுப்பினேன்.
"பார்க்க முடியாது மேம். ஷூ கம்பெனி, ரெண்டாவது ஷிஃப்ட்.
கண்ணு ஊசியில இருக்கணும்.
சூப்பர்வைசருக்குத் தெரியாம
முக்காட்டுக்குள்ள ஒரு காதுல நீங்க."

விளக்கை அணைத்துவிட்டு
நாலாவது பாடத்தைக் காதால் மட்டும் கேட்டேன்.
இதை இங்கே. அதை அங்கே.
இப்படிப் போட்டால் அப்படி வரும்.
யாரோ ஒருத்தி இருட்டில் நின்று
கை நீட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அ, இ, உ சுட்டெழுத்து.
ஆறாம் வகுப்பில் ஒப்பித்தது.
சுட்ட ஒரு விரலும் பார்க்க ஒரு கண்ணும் வேண்டுமென்று
அந்தப் பாடத்தில் இல்லை.
விரல் என்னிடம், கண் ஊசியிடம்.
அவளுக்கு மிஞ்சியது எ,
வினா எழுத்து.

முதலில் என் படத்தை எடுத்தேன்.
பிறகு அரிசியில் கல் பொறுக்குவதுபோல
ஒவ்வொரு 'இது'வாக.
"இதை இங்கே" இருந்த இடத்தில்
"வாடகைக் கணக்கின் பற்றில் நாலாயிரம்,
ரொக்கக் கணக்கின் வரவில் அதே நாலாயிரம்."
ஐம்பத்திரண்டு நிமிடம் எட்டுத் துண்டானது,
குரோம்பேட்டையில் ஏறினால்
திரிசூலத்தில் இறங்குவதற்குள் ஒன்று முடியும்.
ஒப்படைப்புக் கெடு நள்ளிரவு என்றிருந்தது.
ஷிஃப்ட் முடிவதே நள்ளிரவு.
ஞாயிறு மாலைக்குத் தள்ளினேன்.
தரம் இறங்குது மேடம், என்றார் துறைத்தலைவர்.

அடுத்த நேரலையில் புரியுதா என்று கேட்கவில்லை.
"உங்க வேலையில எது ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்?"
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
பிறகு ஒரு குக்கர் விசில், அதன்மேல் மெஹருன்னிசா:

"இடதுகால் நானூறு, வலதுகால் முந்நூத்தித் தொண்ணூத்தெட்டுன்னா
லாரி கிளம்பாது மேம்.
ரெண்டு எங்க போச்சுன்னு தேடணும்."

இருப்பாய்வு.
நான் இரண்டு பாடம் நடத்தியது.

எண்ணூரிலிருந்து பெஞ்சமின் திலீப் குறுக்கிட்டான்:
"ரெண்டும் நானூறா இருந்து
சைஸ் மாறியிருந்தா?
சமமாத்தானே காட்டும்?"
அது ஒன்பதாவது பாடம். இன்னும் நாங்கள் ஐந்தில் இருந்தோம்.
"அதெப்படி" என்று மூன்றாவதாக ஒரு குரல்,
யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மைக்கை அணைத்தேன்.

மூன்றாம் பாடத்தில் இன்னும் ஒரு 'இது' இருக்கிறதாம்.
நேற்றிரவு ஒன்று இருபதுக்குத் தகவல்.