பரி

பதிவிலாகாவில் மூன்று விசிறிகள், ஒன்றுதான் சுற்றுகிறது.
என் சீட்டு ஆயிரத்து நாற்பத்தேழு.
திரையில் ஆயிரத்துப் பத்தொன்பது.
வண்டி நிறுத்த இடம் தேடி
ஆன்சன் சாலையைத் தனபாலன் சுற்றிக்கொண்டிருக்கிறார்.
அறுபது நாள் கெடு. இன்று ஐம்பத்தெட்டு.
மடியில் பெயரில்லாமல் ஒருத்தி கொட்டாவி விடுகிறாள்.

கைப்பையில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.
சுங்கை பட்டாணி எண்கணிதக்காரர் கொடுத்த தாளில்
எல்லாப் பெயருக்கும் இரண்டு 'எச்' கூடுதல்,
மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவதுபோல.
கொழுந்தனார் சொன்னது நானோ.
பாயான் லெப்பாஸில் சில்லு செய்கிறவர்,
சிறியதெல்லாம் அவருக்கு விலை கூடியது.
மாமியார் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:
"குப்பம்மா."

இவளுக்கு முன் இரண்டு பேர்.
ஒருவனுக்கு அமுதன் என்று வைத்திருந்தோம்.
அடுத்தவளுக்கு வைக்க நேரமிருக்கவில்லை.
குப்பையை எவனும் திருடமாட்டான் என்பது மாமியாரின் கணக்கு.

பக்கத்து நாற்காலிச் சீன அம்மாள்
கேட்காமலே குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டார்.
அவர் அண்ணன் பெயர் ஆ காவ். நாய்.
"எழுபத்தாறு வயசு, இன்னும் சிகரெட் ஊதுது அந்த நாய்,"
பாசார் மலாயில் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குக் குப்பையும் வேண்டாம், நாயும் வேண்டாம்.
ஏழாம் மாதம் இவள் விட்ட உதையில்
வயிற்றின் மேல் வைத்திருந்த கோப்பிக் குவளை கவிழ்ந்தது.
அன்றே வைத்துவிட்டேன், பரி.
குதிரை.
வருகிறவன் எருமையில்தானே வருகிறான்.

முகப்பில் புவான் ரொஹானி
நாலெழுத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.
"பாரி? ஈக்கான் பாரி?"
இரு கைகளையும் விரித்து
மேசைமேல் தட்டையாக நீந்திக் காட்டினார்.

திருக்கை.
வாழையிலையில் சுட்டு, சம்பல் வழிய
கர்னி கடற்கரையில் எத்தனை இரவு தின்றிருக்கிறேன்.

பள்ளியில் கேலி செய்வார்களே என்றார்.
இரண்டு தடவை எழுதினால் தேவதை, பாரி-பாரி,
வேண்டுமானால் மாற்றலாம் என்றார்.

யோசித்தேன்.
திருக்கை மணலை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.
மேலே தேடிக்கொண்டு போகிறவனுக்குத்
தரை மட்டும்தான் தெரியும்.
வாலில் முள் வேறு.

"ஒரு தடவை போதும்," என்றேன். "மீன்தான்."

பரி ஏ/பி தனபாலன்.
தாள் சூடாக வெளியே வந்தது.

வாசலில் நின்று மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
"சுட்டுத் தின்னுற மீனா?"

"பிடிபட்டால்தானே, அத்தை."