ஒன்பதாவது தீக்குச்சி

லோஃபோட்டனில், மீன் கிடங்கொன்றில்,
பழைய பாய்த்துணியில் படம் ஓடுகிறது.
புரொஜெக்டர் ஓட்டுகிற எனக்குத்
தெரிவதெல்லாம் முதுகுகள்தான்.
சிகரத்தை ட்ரோன் சுற்றிச் சுற்றி வர
வயலின்கள் பொங்குகின்றன.
எய்லிஃப் சத்தமாகக் கொட்டாவி விடுகிறான்.
யாரோ பியருக்கு எழுந்து போகிறார்கள்.

பிறகு, இசையில்லாமல்,
கூடாரத்துக்குள் ஒருத்தி
ஸ்டவ் பற்றவைக்கக் குச்சி உரசுகிறாள்.
ஏழு. எட்டு.
ஒன்பதாவதும் நமுத்தது.
அவள் சொன்ன கெட்ட வார்த்தைக்குக்
கிடங்கே உருண்டு சிரிக்கிறது.

உச்சிக்கு அறுபது மீட்டர் கீழே
மேகத்தைப் பார்க்கிறாள். கயிற்றைப் பார்க்கிறாள்.
திரும்புகிறாள்.
எல்லா முதுகும் ஒரே முதுகாகிறது.
ஒரு நாற்காலியும் கிரீச்சிடவில்லை.

விளக்கு வந்ததும்
இரண்டு விரல் இல்லாத கையால்
தூர்பியோர்க் மேசையைத் தட்டுகிறாள்.
"நல்ல படம்.
ஆனால் தீப்பெட்டியை
நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கணும், மடச்சி."