ஆறு மில்லிமீட்டர்

பெயின்ட் கடையில் பதினேழு வருடம்
நான்தான் நிறம் கலப்பவள்.
உடைந்த ஓடு, உதிர்ந்த காரை,
யாரோ ஒருத்தியின் கல்யாண உடையிலிருந்து ஓர் இழை,
எதைக் கொடுத்தாலும்
மறுநாள் வாளிக்குள் அதே நிறம் இருக்கும்.

முதலில் கைவிட்டது நீலம்.
வாங்கிப் போனவர் வாளியோடு திரும்பி வந்தார்:
"மர்லெனி, இது பச்சை."
சண்டை போட்டேன்.
அவர் சொன்னதுதான் சரி.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள்.
இரண்டு அறுவைக்குப் பிறகு
பால் போல ஒரு வெளிச்சம் மிஞ்சியது.
பிறகு பாலும் இல்லை.

அண்ணன் வீட்டில் பதினான்கு மாதம்.
முள் எடுத்த மீன் தந்தார்கள்.
பக்கத்தில் நான் இருக்கும்போதே
"அவளுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று
இன்னொருவரைக் கேட்டார்கள்.
அன்புதான். இல்லையென்று சொல்லவில்லை.
அன்பு கழுத்துவரை ஏறிவிட்ட
ஒரு செவ்வாய்க்கிழமை
பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அறை வாடகைக்கு விடும் தோன் அர்னுல்ஃபோ கேட்டார்:
"அடுப்புப் பற்றவைத்து வீட்டை எரித்துவிட்டால்?"
"நீங்கள் இதுவரை எத்தனை முறை எரித்தீர்கள்?"
சாவி தந்தார். முன்பணம் இரட்டிப்பு.

மனிசாலெஸில் தெரு என்றாலே சரிவுதான்.
எந்தத் திருப்பம் என்று கணுக்கால் சொல்லிவிடும்.
எரிமலை புகையும் நாட்களில்
கைப்பிடிக் கம்பியெல்லாம் மாவு மாவாய்ச் சாம்பல்.
அறையில் பல்பு போய் நாலு மாதமாம்,
அண்ணன் மகன் வந்து இருட்டில் முட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது.
விருந்தாளிகளுக்காக இப்போது ஒன்று மாட்டியிருக்கிறேன்.

மார்பகத்தைத் தொட்டுப் பார்த்துக் கட்டி தேடும் வேலைக்கு
பார்வையற்ற பெண்களை எடுத்தார்கள்.
சிலிக்கான் மார்புக்குள் மணிகளை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னார்கள்.
உடற்கூறு முழுக்கப் பிரெயிலில்.
நாற்பத்து மூன்று வயதில் எழுத்து படித்தால்
விரல்நுனி காந்தும்.
இரண்டு தேர்வில் தோற்றேன். மூன்றாவதில் இல்லை.

நகத்தை ஒட்ட வெட்டி,
கைகளை வெந்நீரில் சூடாக்கிக்கொண்டு,
புள்ளி வைத்த பட்டைகளை ஒட்டி,
தெருத் தெருவாக, ஒரு வீடும் விடாமல்,
மேலாக ஒருமுறை, ஆழமாக ஒருமுறை,
எலும்பு தட்டும்வரை இன்னொருமுறை.
"உங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே" என்று
கூச்சம் விட்டுத் தளர்கிறார்கள்.
தெரியும்.
பால் கொடுத்த வருடங்கள் தெரியும்,
பழைய தையல் தெரியும்,
பயமில்லை என்று சொல்லும் மூச்சும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை. இடப்பக்கம், மூன்றாம் பட்டை.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
தள்ளினால் நகரவில்லை.
மற்றவர்களிடம் பேசும் அதே குரலில்
"டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்" என்றேன்.
அந்தக் குரலைப் பிடித்துவைக்கத்தான்
அதிகம் பழக வேண்டியிருந்தது.

கருவியும் ஒப்புக்கொண்டது: ஆறு மில்லிமீட்டர்.
அதற்குப் பின் எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.
என் வேலை அங்கே முடிகிறது.

அடுத்த வருடம் கேபிள் கார் பெட்டியில்
எதிர் இருக்கையில் அதே குரல்.
போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது,
குழாய் ரிப்பேர்க்காரனை என்று நினைக்கிறேன்,
மூச்சு விடாமல், நாலு நிறுத்தமும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டட்டும்.

போன மாதம் கதவுக்குப் பெயின்ட் வாங்கப் போனேன்,
பழைய கடைக்கே.
புதுப் பையன் நிற அட்டையை என் கையில் திணித்தான்,
பிறகு பதறிப் பிடுங்கிக்கொண்டான்.
எழுதிக்கொள் என்றேன்:
நாலு லிட்டர் வெள்ளைக்கு
மஞ்சள் பன்னிரண்டு துளி, காவி மூன்று, கறுப்பு ஒன்றே ஒன்று.
"இது அட்டையில் இல்லையே, அம்மா."
இல்லைதான்.

பழுப்பு என்கிறார் தோன் அர்னுல்ஃபோ.
பட்டர் என்கிறாள் மாடிவீட்டு ருபியேலா.
படிக்கட்டில் நின்று வாக்குவாதம் நடக்கிறது.
கேட்டுக்கொண்டே பூட்டைத் திறக்கிறேன்.
சொல்லமாட்டேன்.