இட்டேரி

காங்கேயத்துக்குத் தெற்கே
இரண்டு கொறங்காட்டுக்கு நடுவே ஒரு வண்டித்தடம்.
இந்தப் பக்கம் கிளுவை வேலி, அந்தப் பக்கமும் கிளுவை.
வேலியும் வேலியும் தொடுவதில்லை.
தொட்டுவிட்டால் தடம் அடைந்துபோகும்,
ரொம்ப விலகினால் அது இட்டேரி இல்லை, பொட்டல்.

செல்லுக்குள்ளும் அந்த அகலம் உண்டு.
சவ்வுக்கும் சவ்வுக்கும் இடையே
தலைமயிரை நாலாயிரமாய் வகுந்ததில் ஒரு கீற்று.

கொழுப்புக்கு நீச்சல் தெரியாது.
தண்ணீரில் விட்டால் தன் இனத்தைக் கட்டிப்பிடித்து
உருண்டு நிற்கும்.
அதனால் ஒரு புரதம்
உள்ளே பிசுக்குப் பூசிய மடியில்
ஒற்றை மூலக்கூறை முடிந்துகொண்டு
நனையாமல் கடந்து
எதிர்ச்சவ்வில் செருகிவிட்டு வருகிறது.
சும்மா வராது; அங்கிருந்து வேறொன்றை வாங்கி வரும்.
நாளெல்லாம் இந்த நடை.
நாம் தூங்கும்போதும்.

இது நான் பரீட்சைக்குப் படித்தது.

பிழைப்புக்குப் பார்ப்பது பீளமேட்டில்,
மூன்றாம் மாடி, இருட்டறை.
தரணீஷ், ஒன்பது வயது, வெள்ளகோவில்.
முழங்கைத் தோலில் உளுந்தளவு வெட்டி
ஐந்து வாரம் வளர்த்த செல்கள்.

அப்பா சென்னியப்பன்.
தேங்காய்க் களத்தில் பருப்பு பிரட்டுகிறவர்.
கையெழுத்துப் போட்ட இடத்தில்
பெருவிரல் பட்டுப் படிவம் கண்ணாடியாகி
பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது.
'முதலில் கவனித்த அறிகுறி' என்ற கட்டத்துக்கு அவர் சொன்னது:
"சிரிச்சா விழுந்தர்றானுங்க."

படியிறங்கும்போது கண் கீழே போகாதாம்,
தலையைத்தான் கவிழ்க்கிறானாம்.
"ஊட்ல இப்ப யாரும் பகடி பேசறதில்லீங்க.
டிவில காமெடி வந்தா நானே மாத்தியுட்டுருவேன்."

நீலச் சாயம் ஊற்றினேன்.
வெளிச்சம் பட்டால் மங்கிவிடுகிற சாயம்,
பார்ப்பதே அழிப்பது; அவசரமாகத்தான் படமெடுக்க வேண்டும்.
நல்ல செல்லில் ஓரமாய் ஒரு மெல்லிய கோடு.
இவன் செல்லில் கருவைச் சுற்றிக் கொத்துக் கொத்தாய்
நீலம், நீலம்.
"அழகு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
அறையில் யாருமில்லை, நல்லவேளை.

வந்த கொழுப்பு வந்த இடத்திலேயே கிடக்கிறது.
இட்டேரி இருக்கிறது, வேலி இருக்கிறது,
படலை அவிழ்க்கிற கை பிறக்கும்போதே இல்லை.
இந்தக் காட்டில் கொழுக்கட்டைப் புல் மண்டி அழுக
எதிர்க்காட்டில் மாடு பட்டினி.
பட்டினி முதலில் மூளையில் தெரியும்.

"எண்ணெய்தானுங்களே அக்கா,
வெயிலுக்கு எறங்குது, செக்குக்கு எறங்குது,
இதென்ன இவனுக்குள்ள மட்டும் போக்கில்லாம நிக்குது?"

டாக்டர் சொல்வார் என்றேன்.
அதுதான் விதிமுறை.

சவ்வின் உட்புறத்திலேயே இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு உண்டு.
வெளியே நழுவ நழுவ
ஒரு நொதி அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்.
தள்ளுவது நின்ற அன்று அது வெளிமுகத்தில் தெரியும்,
தின்ன வருகிறவற்றுக்கு அதுவே அடையாளம்.
அவரெதிரே நின்ற இரண்டு நிமிஷம்
நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ரிப்போர்ட்டை உறையிலிட்டுவிட்டு
கேண்டீனுக்குப் போகிற வழியில் பார்த்தேன்.
அப்பா கவுண்டரில் டோக்கன் வரிசையில்.
தள்ளி, பெஞ்சோரம், அவன் அக்கா மிருதுளா,
ஏழாவதோ எட்டாவதோ படிப்பாள்.
வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
தம்பியைச் சுவரோரம் நிறுத்தி
அக்குளுக்குள் இரண்டு கையும் கொடுத்து
முட்டியை அவன் முட்டிக்கு முட்டுக்கொடுத்து
எல்லாம் சரியா என்று பார்த்துக்கொண்டு
அதற்கப்புறம்தான்
காதில் ஏதோ சொன்னாள்.

சிரித்தான்.
முழுசாய் விழுந்தான், அவள் கைக்குள்.
"இன்னொண்ணு" என்றான்.