கழிவு

பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருந்தேன் அவளை,
பண்டாரவளை ஹோட்டலின் மேல்மாடிக்கு.
பத்தே முக்காலுக்கே நான் வந்துவிட்டேன்.
ஒருகாலத்தில் கொழும்பில், ஒன்பதாம் மாடியில்,
இரண்டேகால் மணிநேரம்
மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.
ஏழு மீன்கள்.
ஒன்றுக்கு வால் இல்லை.

அப்போது என் கம்பனிக்கு இரண்டு வயது.
கெப்பட்டிபொலயில் கோவா ஏற்றிப்போகும் லொறிகள்
திரும்பும்போது வெறும் பெட்டியோடு மலையேறும்.
அந்த வெறுமையை விற்பது என் தொழில்.
"காத்தையா விக்கிற?" என்றார்கள்.
ஆமாம், கிலோ கணக்கில்.

சம்பள நாள் வந்தால்
கலைவாணியின் தாலிக்கொடி
ஹட்டன் அடகுக்கடைக்குப் போகும், வரும்,
வழி கேட்காத அளவுக்குப் பழகியிருந்தது.
ஜெயரூபன், கம்பனியில் சரிபாதி,
ஒரு பொங்கல் வாரத்தில் கட்டாருக்குப் போனான்.
கடவுச்சொற்கள் எழுதிய கொப்பியை
என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.
கடைசிக் கடவுச்சொல்
என் மகளின் பெயர்.

ஒன்பதாம் வருடம் விற்றேன்.
பேப்பரில் படம் வந்தது, கழுத்துப்பட்டி கோணலாக.
பிறகு எப்போது என்று தெரியவில்லை,
'சேர்' ஆகிவிட்டேன்.
கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினேன்,
ரிப்பன் வெட்டினேன்,
தோல்வியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன்.
மேசைக்கு இந்தப் பக்கம்
நாற்காலி கொஞ்சம் உயரம் என்பதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நிரோஜினி பதினொன்றுக்கு வந்தாள்,
கையில் ஒரு மார்ஜரின் டப்பா.
உள்ளே வயர்கள், ஒரு சிவப்பு லைட்.
கந்தப்பளையில், ஜனவரிப் பின்னிரவில்,
உறைபனி விழுமுன் இது போனை அடிக்குமாம்.
அடித்தால் எழுந்து கிழங்குச் செடிக்குத்
தண்ணீர் தெளிக்கலாமாம்.

"எத்தனை பேர் காசு தர்றாங்க?"
"நாப்பத்தியொரு பேர்.
அதுல மூணு பேர் கிழங்காத் தர்றாங்க."

நான் சிரிக்கவில்லை.
சிரிக்காமல் இருப்பதைக் கொழும்பில் படித்திருந்தேன்.
ஒப்பந்தத்தைத் தள்ளினேன்.
ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள்,
தேநீர் ஆடை கட்டும்வரை.
பன்னிரண்டாம் பிரிவில் விரல் நின்றது:
சட்டச் செலவுக்கும் இதர செலவுக்குமாக
முதலீட்டில் ஐந்து வீதம் பிடித்துவைக்கப்படும்.

"அது வழமையான கழிவுதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.
"ஈரத்துக்கா சேர், சாக்குக்கா?"

மடுவத்தில் தராசு ஆடி நிற்குமுன்பே
கணக்கப்பிள்ளையின் பேனா எழுதிவிடும்.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
அம்மாவின் இருபத்தொன்று பதினெட்டாகும்.
ஏழு வயதில், எண்ணெய் தடவிய தலையோடு,
பக்கத்தில் நின்று நான் போட்ட
முதல் கழித்தல் கணக்கு அது.
இவளும் எங்கோ ஒரு மடுவத்தில்
நின்றிருக்கிறாள்.
எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
சொந்தம் கொண்டாடியிருப்பேன்,
அதற்கும் ஒரு வீதம் பிடித்திருப்பேன்.

பன்னிரண்டை வெட்டினேன்.
பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தது.
பதினாலை வெட்டவில்லை.
நான் கோயில் கட்ட வரவில்லை.
அவளும் பதினாலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை,
குறித்துக்கொண்டாள்.

போகும்போது என் நம்பரைக் கேட்டு
டப்பாவில் சேர்த்துவிட்டுப் போனாள்.
"காசு போட்டவங்களும் முழிக்கணும் சேர்."

நேற்றிரவு இரண்டு நாற்பதுக்கு அடித்தது.
கந்தப்பளை, ஒரு பாகை.
அங்கே எனக்கு ஒரு செடிகூட இல்லை.
ஆனாலும் எழுந்து லைட்டைப் போட்டேன்.
வாளியும் இல்லாமல், குழாயும் இல்லாமல்,
அறை நடுவில் நின்றேன்.

போர்வைக்குள்ளிருந்து கலைவாணி கேட்டாள்,
பழைய குரலில், கண் திறக்காமல்:
"எந்த லொறி பிரண்டுருச்சு?"